எந்தப் பெட்டியைத் திறப்பது

கண்ணுகளா, ஷேர் மார்க்கெட் கோர்ஸின் இலவச அறிமுக வகுப்புக்கு ஒருமுறை அவிநாசி போயிருந்தேன். சேர்வதற்கு இருபதாயிரம். உங்கள் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் என் சட்டைப்பையில் இருந்தது. பயிற்சியாளர் தன் லாபங்களைத் திரையில் காட்டக் காட்ட, நான் மனதுக்குள் கார் வாங்கி, கலரும் முடிவு செய்துவிட்டேன்.

என்னைப் போலவே சேரலாமா என்று பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பனியன் கம்பெனிகளில் சரக்கு சோதிப்பவர். ஒல்லி, நரைத்த மீசை. எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். என் காலரையும் விடவில்லை. அவர் எழுந்தார்.

“ஏனுங்க சார், நாங்க சரக்கு பாக்கறப்ப, எந்தப் பெட்டியத் திறக்கறதுன்னு விக்கிறவரு சொல்ல மாட்டாருங்க. நாங்கதானுங்க சொல்லுவோம். போன ஆடி மாசத்துக் கணக்க முழுசாத் திறந்து காட்டுங்க.”

“அதெல்லாம் ரகசியமுங்க,” என்றார் பயிற்சியாளர்.

“அப்ப நல்ல பீஸ மட்டும் மேல அடுக்கியிருக்கறீங்க.”

ஹாலே சிரித்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்காமல் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பேர்கூடக் கேட்காமல் விட்டேனே என்று இன்னும் இருக்கிறது.

நானும் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனியாக நின்று, அந்தக் கோர்ஸின் வாட்ஸப் குரூப்பிலிருந்து வெளியேறினேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், சின்னதாக ஒரு ஆட்டம் போட்டேன்.