கூர்வதும் கூறுவதும்

என் கணவரின் ஆண்டுத் திவசத்துக்கு அட்டை அடிக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் பிறந்து வளர்ந்தவள். என்னோடு பாதி டெனிஷில்தான் கதைப்பாள். ஆனாலும் அட்டை தமிழில்தான் இருக்கவேண்டும் என்று நின்றாள். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. காட்டிக்கொள்ளவில்லை.

அச்சுக்கு அனுப்பமுதல் கணினியில் காட்டினாள். 'அப்பாவை நினைவுகூறுகிறோம்' என்று பெரிதாகப் போட்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் படிப்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இந்த ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டியே என் தொண்டை வற்றிப்போனது. கடைசியில் அது என் வீட்டு அட்டையிலேயே வந்து குந்தியிருக்கிறது. சின்ன 'ர' போடு என்றேன். கூர்தல் என்றால் மிகுதல். ஒருவரின் நினைவு மனத்தில் நிறைந்து பெருகுவதுதான் நினைவுகூர்தல். பெரிய 'ற' போட்டால் அது வெறுமனே சொல்லுதல். கதை சொல்லவா ஐயரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. டெனிஷிலும் இரண்டு சொல் இருக்கிறதாம்: சாவியை மறக்காமல் எடுப்பதற்கு 'ஹுஸ்க', இறந்தவரை மதித்து நினைப்பதற்கு 'மின்னஸ்'. சின்ன 'ர' போட்டால் அந்த இரண்டாவதுதானே என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பினேன்.

"அம்மா, நீங்கள் கூருறீங்கள், எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா ஒருநாளும் கூறேல்லை. அப்பா போனதிலையிருந்து அவரைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்லை. எனக்கு அப்பான்ரை குரல் மறந்துபோகுது."

ஈரக்கையோடு அப்படியே நின்றேன். அவரைப் பற்றி வாய் திறந்தால் உடைந்துவிடுவேன், பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அவளோ என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கேட்காமல் இருந்திருக்கிறாள்.

அட்டையில் சின்ன 'ர'தான் போனது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் தொழிற்சாலையால் வந்ததும் பக்கத்து வீட்டு நாயோடு டெனிஷ் கதைத்துப் பழகியதைச் சொன்னேன். "அது ஒண்டுதானப்பா என்ரை டெனிஷுக்குச் சிரிக்காதது," என்று அவர் இழுத்து இழுத்துச் சொல்வதுபோலவே சொல்லிக் காட்டினேன்.

மகள் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும்தான்.

"இன்னும் கூறுங்கோ, அம்மா," என்றாள்.

பேச்சில் யாரும் கூறுங்கோ என்பதில்லை. அதை நான் திருத்தவில்லை.