மாமிக்குத் தெரியாத துவக்கு

மாமா செத்து, எட்டாம் நாள் செலவு முடியுமுன்பே கிராம சேவையாளர் வந்துவிட்டார். துக்கம் விசாரிக்கத்தான் வந்தார், பாவம். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் மாமியிடம் மெல்ல வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, அந்தத் துவக்கைப் பொலிசில குடுக்க வேணும். லைசன் அவற்ற பெயரிலயெல்லோ இருக்குது."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் துடக்குக் கழியும் வரை மாமி படலை தாண்டக்கூடாது என்று என் அம்மா சண்டைக்கு நின்றார். சட்டத்துக்கு ஏது துடக்கு!

எங்கள் ஜெயபுரத்தில் துவக்கு இல்லாமல் வயல் செய்வது வீண் வேலை. நெல் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினால் விடியும்போது ஒன்றும் மிஞ்சாது. மாமா கச்சேரிக்கும் பொலிசுக்கும் நடையாய் நடந்து, பயிர்க்காவலுக்கென்று எடுத்த லைசன் அது. வருசா வருசம் புதுப்பிக்கவும் வேண்டும். அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்பது என்று மாமி முடிவெடுத்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

எனக்கு ஒரே புளுகம், பெருமை. அந்தத் துவக்கை மாமியைவிட யாருக்குத் தெரியும்? மாமா வெடி வைப்பதோடு சரி. அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுவது மாமிதான். என்னோடு பள்ளிக்கூடக் கதை கதைத்துக்கொண்டே, பாராமலே பூட்டிவிடுவார். எப்படித் தோளில் அணைத்துப் பிடிப்பது என்று எனக்கும் ஒருநாள் காட்டித் தந்திருந்தார்.

பொலிசில் பெரியவர் கொச்சைத் தமிழில் கேட்டார்.

"அம்மாவுக்கு துவக்கு சுட தெரியுமா?"

"தெரியாது ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமி!" என்றேன். மாமி என் கையை நசுக்கினார்.

பெரியவர் நாங்கள் கொண்டுபோன துவக்கைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு மாமியிடம் நீட்டினார். மாமி அதை விளக்குமாற்றைப் போல வாங்கினார். குழல் அவருடைய நெஞ்சையே பார்த்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"தெரியாத ஆளுக்கு குடுக்க ஏலாது அம்மா" என்று இரக்கத்தோடு சொல்லித் துவக்கை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பஸ்ஸில் நான் கோபத்தில் அழுதேன். "ஏன் மாமி பொய் சொன்னனீங்கள்?"

"பொய்யில்லைப் பிள்ளை. மறந்து போச்சு."

மாமி இயக்கத்தில் இருந்தவர் என்று எனக்கு யாரும் அப்போது சொல்லியிருக்கவில்லை. சண்டை முடிந்தபோது சனத்தோடு சனமாக வெளியே வந்து, அதை எங்கேயும் பதியாமல், மாமாவைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி இருந்தவர். வயல் உறுதிப் பத்திரத்தை மட்டும்தான் கேட்பார்கள் என்று நம்பிப் போயிருக்கிறார். தெரியும் என்றால் எங்கே பழகினாய் என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கிழமையே பன்றி இறங்கியது. மாமி தனியே வரம்பில் நின்று தகரம் தட்டினார். தகரச் சத்தத்துக்குப் பன்றி பயந்த காலம் எப்போதோ போய்விட்டது. விடிந்து பார்த்தால் கதிரெல்லாம் சேற்றோடு சேறு. மாமி வரம்பிலேயே குந்திவிட்டார்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மறந்ததைத் திரும்பப் பழக்கிவிட்டால் பொலிசில் போய்க் கேட்கலாமே! வேலித்தடி ஒன்றை எடுத்துத் தோளில் அணைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாமிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இப்பிடித்தான் மாமி. பாருங்கோ."

மாமி பாய்ந்து தடியைப் பறித்து எறிந்துவிட்டு, என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதுவரை என்னை ஒரு வார்த்தை ஏசியறியாதவர். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, மாமாவின் செத்தவீட்டில்கூட அழாத அழுகை அழுதார். அடிவாங்கியது நான், மாமி ஏன் அழுகிறார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.