ஒரு சக்கரம் இறங்கிய ஜீப்

2023 நவம்பர் 4, சனிக்கிழமை, காலை மணி 7.52. விடியலிலிருந்து விடாத மழை; காற்று இல்லை. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், வன்னியம்பட்டிக்குச் சற்று முன்னால், எதிரே வந்த பஸ்ஸுக்காக ஒதுங்கினேன். ஜீப்பின் இடது முன்சக்கரம் ஓர மண்ணைச் சரித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. அடி ஒன்றும் படவில்லை. இறங்கிப் பார்க்கலாமென்று கதவுப் பிடியைத் திருகினேன். பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. மனைவி பக்கத்துக் கதவும் அப்படியே.

பதினோரு தடவை தோளால் இடித்தேன்.

அது ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி. இருபத்து நாலு வருஷம் ராணுவப் பட்டறையில் இந்த வகை வண்டிகளோடுதான் என் பிழைப்பு. நான் சேர்ந்த காலத்தில் அவற்றுக்குக் கித்தான் கூரைதான், கதவே கிடையாது. பிறகு எல்லைக்குப் போகிறவற்றுக்கு இரும்புத் தகடு அடிக்கச் சொன்னார்கள். எடை கூடக்கூட ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினோம், சேசிஸ் முறுக்கிக் கதவுகள் இறுகாமலிருக்கக் குறுக்குச் சட்டம் வைத்தோம். கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஒன்றரை அடிக் கட்டைமேல் ஏற்றுவோம். வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் எல்லாக் கதவும் திறந்தால்தான் வெளியே விடுவோம். அப்படி 312 வண்டிகளுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

313-ஆவது என் சொந்த வண்டி. மழையில் நனைகிறதென்று மனைவி கதவு கேட்டாள். இராஜபாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் பக்கத்தில் நின்று, பழைய பழக்கத்தில், கதவு, கூரை, பின்பக்கம் எல்லாம் தகடாக அடிக்கவைத்தேன். முன்கண்ணாடிக்கு வெளியே கம்பிவலை. வெளியே பார்க்க, கதவுக்கு ஒன்றாக இரண்டு விரல் அகலச் சந்து. கூடிய எடை 164 கிலோ. குறுக்குச் சட்டம் வைக்கவில்லை. கட்டைமேல் ஏற்றியும் பார்க்கவில்லை. கோயிலுக்கும் கடைக்கும் போகிற வண்டிதானே என்று இருந்துவிட்டேன்.

மணி 8.03. "ஏங்க, ஊசி போட்டு எம்புட்டு நேரம் ஆச்சு?" என்றாள்.

முப்பத்தெட்டு நிமிஷம். என் தங்கை மகளின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். கூட்டத்தில் சேலையை ஒதுக்கி ஊசி போடக் கூச்சம் என்று, இன்சுலினை 7.25-க்கு வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர், போனதும் இட்லி என்று கணக்குச் சொன்னவன் நான். வண்டியில் ஒரு மிட்டாய்கூட இல்லை. தங்கை மகளுக்கு ஆறு தடவை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஹாரன் அடித்தும் அந்த மழையில் எந்த வண்டியும் நிற்கவில்லை.

8.10-க்கு அவள் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. "கதவுதான கேட்டேன்? ஜெயிலா கேட்டேன்?" என்று சிரிக்கப் பார்த்தாள். சொற்கள் குழறின. ஜாக்கி என் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஆனால் அதை வைக்க வேண்டிய இடம் வெளியே.

8.19-க்கு ஒரு டிராக்டர் நின்றது. ஓட்டிவந்தவர் சந்தில் கண்ணை வைத்தார்.

"என்ன பெரியவரே, இது வண்டியா, பேங்க் லாக்கரா? சாவிய உள்ள வச்சிப் பூட்டிட்டியளா?"

"கதவை விடுப்பா. திங்க ஏதாவது இருக்கா? இவளுக்குச் சுகர் இறங்குது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். இடுப்பிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, பாக்கெட்டாகவே நீட்டினார். சந்தில் நுழையவில்லை. பிரித்து ஒவ்வொன்றாகத் தந்தார். நான் அவள் வாயில் ஊட்டினேன். ஏழாவது பிஸ்கட்டில் அவளே கையை நீட்டினாள்.

"கடப்பாரைய வச்சி நெம்பட்டுமா?"

"வேண்டாம். முன்கொக்கியில கயிறு கட்டி நேரா இழு. சக்கரம் மேலே வந்தாப் போதும்."

மூன்றாவது இழுப்பில் சக்கரம் தார்ச்சாலையைத் தொட்டது. முறுக்கு விட்டது. அவள் பக்கத்துக் கதவு, யாரும் தொடாமலே, தானாகத் திறந்துகொண்டது. மணி 8.41. அவள் மழையில் இறங்கி நின்றாள். குடையைக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"இனிமே நனைஞ்சிக்கிடுதேன்," என்றாள்.

தகடு அடித்த கூலியும் இரும்பும் 38,000. டிராக்டருக்கு 1,500. கதவுகளை வெட்டி எடுக்க 2,200. புதுக் கித்தான் 6,400. பிஸ்கட்டுக்குக் காசு வேண்டாமென்றார் அவர். இவள்தான் விடாமல் கையில் திணித்தாள், பத்து ரூபாய். ஆக நாற்பத்தெட்டாயிரத்து நூற்றுப்பத்து ரூபாய்.