வேர்வையில் அழிந்த எட்டுக் கோடு

எண்பதுகளில் நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் பஸ்ஸில் ஜனங்கள் பேசக் கேட்டதுதான். டிக்கெட் கிழிக்கிற நேரத்தைவிட அவர்கள் வாயைப் பார்த்து நிற்கிற நேரம் ஜாஸ்தி. அப்படிப் பராக்குப் பார்த்துக்கொண்டே ஒருநாள் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கியதில் இடது கணுக்கால் பிசகிவிட்டது. வைத்தியர் முட்டையும் உளுத்தமாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டினார். பத்து நாள் லீவு கேட்டேன். பஸ் முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தார்.

"கட்டு யாரு வேணா கட்டிக்கலாம்பா," என்றார். லீவு மட்டும் கொடுத்தார்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் ஓட்டம் வந்தது. கால் முடியாதவர்களுக்கு உதவி செய்ய ஊரிலிருந்த ஒரு சேவை சங்கம் நடத்தியது. 'ஹாஃப் மாரத்தான்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பி, ஊருக்குள் வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றித் தேரடியில் முடிக்க வேண்டும். மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர். தெருவுக்கு ஒரு பெரிய மனிதர் பொறுப்பு. எங்கள் தெருவுக்கு அரிசி மில்காரர். தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருந்த அக்காவுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கித் தருவதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலேயே அக்காவுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. கோல் ஊன்றி இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

"ஆறு பேர் பேரு குடுத்திருக்கீங்க. ஆறு பேரும் முழுசா ஓடினா வண்டி. ஒருத்தன் கம்மியானாலும் இல்ல," என்று மில்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கால் பிசகுவதற்கு முன்பே நான் பெயர் கொடுத்திருந்தேன். "வேற ஆளு விடலாங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பேரு குடுத்தவன்தான் ஓடணும். இல்லன்னா கடைசியில எவனையாவது புடிச்சினு வருவீங்க."

அக்கா என்னவோ, "நீ ஓடாதே. கால் போனா இன்னா பாடுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது," என்றுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் டேப்பை வைத்துக் கடை வாசலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். வண்டி உள்ளே நுழையுமா என்று பார்க்கிறார். அதைப் பார்த்த பிறகு நான் ஓடாமல் எப்படி இருப்பது?

சங்கத்தாருக்கு எங்கள் எல்லார் மேலும் சந்தேகம். நடுவில் எவனாவது பஸ்ஸில் ஏறிவிட்டால்? அதற்கு ஒரு யோசனை செய்தார்கள். மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றிடமும் ஓர் ஆள் நின்று, ஓடி வருகிறவன் முன்கையில் விபூதியால் ஒரு கோடு இழுப்பார். முடிவில் எட்டுக் கோடு இருந்தால் ஆள் யோக்கியன். பங்குனி வெயிலில் ஓடுகிறவனுக்கு வேர்க்கும் என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டுப் போட்ட கால் எந்த கேன்வாஸ் ஷூவிலும் நுழையவில்லை. வெறுங்காலோடு கிளம்பினேன். மற்ற ஐந்து பேரும் ஊருக்குள் நுழைவதற்குள்ளேயே கண்ணில் படாமல் போய்விட்டார்கள். அடி அண்ணாமலை வந்தபோது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது ஒரு வைக்கோல் வண்டி பக்கத்தில் போனது. "ஏறிக்கோ நைனா, யாரு பாக்கறாங்க?" என்றார் வண்டிக்காரர். நான் ஏறவில்லை. பின்கட்டையை மட்டும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம்தான். கால் தரையில்தான் இருந்தது. வண்டி அச்சுக்குப் போடுகிற மசகு மை வைத்த குழாய் பின்னால் தொங்கியது, அது ஆடி ஆடி உள்ளங்கையில் கருப்பாக இழுசிவிட்டது.

தேரடிக்கு நான் வந்து சேர்ந்தபோது அந்த ஐந்து பேரும் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் கையிலும் கோடு இல்லைதான். ஆனால் சேர்ந்து ஓடியதால் ஒருவனுக்கு ஒருவன் சாட்சி. எனக்கு யார்? கோடு இழுத்தவர்கள் இன்னும் அந்தந்த லிங்கத்தடியில்தான் நின்றிருந்தார்கள். மில்காரர் என் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஒரு கோடு கூடக் காணோம்?"

"வேர்வையில போயிடுச்சுங்க."

"அப்படியா சேதி," என்றார். அவர் 'சேதி' என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். கட்டை அவிழ்க்கச் சொன்னார். கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. "இந்தக் காலோட இருபத்தொரு கிலோமீட்டரா? எதுல ஏறி வந்தே, சொல்லு."

வேடிக்கை பார்க்க வந்த எங்கள் பஸ் முதலாளி குறுக்கே புகுந்தார். "ஓடித்தான் வந்திருக்கான், புழுதியப் பாருங்க. ஓடினதுல வீங்கிடுச்சு. முன்னாடி கால் வலின்னு லீவு கேட்டானே, அதான் பொய்."

காலை நம்பினவர் ஓட்டத்தை நம்பவில்லை. ஓட்டத்தை நம்பினவர் காலை நம்பவில்லை. இரண்டையும் நம்ப அங்கே ஆள் இல்லை.

அக்கா கோலை ஊன்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். என் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தார். வலது பாதம் முழுக்கக் கொப்புளம். இடது பாதத்தில் விரல் நுனி மட்டும் தோல் உரிந்திருந்தது. குதிகால் சுத்தமாக இருந்தது. அக்கா தன் சூம்பின காலின் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அதிலும் நுனி மட்டும் தேய்ந்திருந்தது, குதிப்பக்கம் புதுசு.

"நல்ல காலு இப்படி ஊனாது. ஏறி வந்த காலு இப்படிக் கொப்புளிக்காது. பாத்துக்குங்க," என்றார்.

"வண்டி உனக்கு வருது. நீ வேற இன்னா சொல்லுவே?" என்றார் மில்காரர்.

"அப்ப வண்டி வேணாங்க. இவன் ஓடினான்னு மட்டும் சொல்லிடுங்க."

மில்காரர் அந்தச் செருப்பைக் கையிலேயே எடுத்துப் பார்த்தார். என் பாதத்தைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார். "சரி, வண்டி வரும்," என்றார், யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. பஸ் முதலாளி, "இன்னும் அஞ்சு நாள் ஜாஸ்தி எடுத்துக்கோ," என்றார்.

நான் எழுந்திருக்கக் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் இருந்த மையை அக்கா பார்த்துவிட்டார். என் விரல்களை மெல்ல மடக்கிவிட்டார்.

வண்டி வந்தது. அகலம் சரியாக இருந்தது, வாசலில் இடிக்காமல் நுழைந்தது. மை விஷயத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் மேட்டில் ஏற முடியாமல் வண்டி நின்றிருந்தது. ஓடிப்போய், "தள்ளட்டுமாக்கா?" என்றேன்.

"தள்ள வேணாம். நீ சும்மா பின்னால புடிச்சினு வா," என்றார். "உனக்குத்தான் அது நல்லா வருமே."