பெல்ட்டை நிறுத்தியவர்கள்

கஜானி பனிச்சங்கேணிக்காரி. வாவிக்கரையில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்து, சண்டைக் காலத்தில் ஊர் இடம்பெயர்ந்த போதெல்லாம் கூடவே இடம்பெயர்ந்து, திரும்பி வந்து தினேஸைக் கலியாணம் முடித்தவள். தினேஸ் வாவியில் வலை போடுகிறவன். வாவிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறால் பதனிடும் நிலையம் திறந்தபோது முதலில் வேலைக்குப் போன பெண்களில் அவளும் ஒருத்தி. கை வேகம், யாரோடும் சண்டைக்குப் போகாத குணம். சில வருடங்களில் அவளைச் சுப்பவைசர் ஆக்கினார்கள்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு கூடை. இறாலின் தலையைக் கிள்ளி, மேலோடான கோதை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை இழுத்தெடுத்து, கழுவி, நிறுவைக்குக் கொண்டுபோவது வரை ஒருத்தியே செய்வாள். பக்கத்தில் இருப்பவள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கூடைகளைப் பங்கிட்டு, சுத்தத்தைப் பார்த்துவிட்டால் கஜானியின் வேலை முடிந்துவிடும்.

பிறகு கொம்பனி ஓட்டமாவடிப் பக்கத்தில் இருந்த தன்னுடைய மற்ற நிலையத்தை மூடியது. அங்கே வேலை செய்த முஸ்லிம் பெண்களை வேனில் ஏற்றி இங்கே அனுப்புவதென்று முடிவானது. அதே மாதத்தில் நீளமான ஒரு பெல்ட்டும் வந்து இறங்கியது. இனிக் கூடை இல்லை. பெல்ட்டில் இறால் ஓடும். முன்னால் நிற்பவர்கள் தலை எடுப்பார்கள், நடுவில் கோது, கடைசியில் குடல். முகாமையாளர் நிஷாந்த் மட்டக்களப்பிலிருந்து வந்து, அரை மணித்தியாலம் நின்று விளக்கிவிட்டு, "மிச்சத்தைக் கஜானி பார்ப்பா" என்று சொல்லிப் போய்விட்டார்.

கஜானி அன்று இரண்டு காரியம் செய்தாள். ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம், வேனில் வந்தவர்கள் ஒரு பக்கம் என்று நின்றால் என்றைக்கும் அப்படியே போய்விடும் என்று நினைத்து, ஒருத்தி விட்டு ஒருத்தியாக மாற்றி நிறுத்தினாள். பெல்ட்டின் சுவிட்சை யாரும் தொடக்கூடாது, தானே பார்த்துக்கொள்வேன் என்றாள். இரண்டையும் யாரிடமும் கேட்காமல்தான் செய்தாள். ஓட்டமாவடி நிலையத்தைப் பல வருடம் நடத்திய றமீஸா என்ற சுப்பவைசரும் அந்த வேனில் வந்திருந்தாள். கஜானி அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்து, பெட்டி அடைக்கும் மூலையில் ஒரு இடமும் கொடுத்தாள்.

பெண்கள் சொன்ன இடத்தில் நின்றார்கள். ஆனால் யாரும் பேசவில்லை. கூடைக் காலத்தில் காதடைக்கும் கதையும் சிரிப்புமாக இருந்த கட்டடத்தில் மோட்டர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் வேம்புக்குக் கீழே போனது, மற்றக் கூட்டம் வேனுக்குள் ஏறி இருந்தது.

எல்லாரிலும் வேகமான கை சீனிப்பிள்ளையுடையது. அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "கஜானி, என்ட கையைக் கட்டிப்போட்டு வேலை வாங்கிறீங்க. நான் தலை எடுத்துப்போட்டு, அடுத்த இறால் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கவா?"

"பழகினாச் சரிவரும் அக்கா" என்றாள் கஜானி. 

கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போன சரக்கில் ஒரு பகுதி திரும்பி வந்தது. குடல் சரியாக எடுபடவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். தலை எடுத்தவர்கள் குடல் எடுத்தவர்களைக் குறை சொன்னார்கள். குடல் எடுத்தவர்கள், முன்னால் கண்மண் தெரியாமல் தள்ளிவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அந்த வாரம் ஊர்ப் பெண்கள் சிலர் வராததால், குடல் எடுக்கும் இடத்தில் நின்றவர்கள் அநேகம் பேர் வேனில் வந்தவர்கள். பேச்சு தமிழ், முஸ்லிம் என்று திரும்பப் போகிறது என்று கஜானிக்கு விளங்கிவிட்டது.

நிஷாந்த் தொலைபேசியில் கேட்டார். "ஆர் செய்த பிழை எண்டு பேரைச் சொல்லுங்க. ரெண்டு பேரை வேலையில இருந்து நிப்பாட்டினா மத்தாக்கள் திருந்துவாங்க."

"பேர் சொல்ல ஏலாது சேர். எனக்கு ஒரு கிழமை, ஏழு நாள் தாங்க."

"கிழமை தந்து என்ன செய்யப்போறீங்க?"

"தெரியா சேர். முதல்ல பாக்கப்போறன்."

மறுநாள் அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, குடல் எடுக்கும் இடத்தில் போய் நின்றாள். பக்கத்தில் சஹ்லா என்ற பெண். இறால் வந்துகொண்டே இருந்தது. ஒன்றை முடிப்பதற்குள் மூன்று தாண்டிப் போயின. கஜானி எட்டிப் பிடித்தாள், பிறகு எட்டுவதையும் விட்டாள். சஹ்லா தலை நிமிராமல் வேலை செய்தாள்.

"இப்பிடித்தான் ஒவ்வொரு நாளுமா?" என்று கஜானி கேட்டாள்.

"ஓம்."

"ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

சஹ்லா கையில் இருந்த இறாலின் குடலை இழுத்தெடுத்துப் போட்டாள். பிறகு, "மெதுவாப் போடுங்க எண்டு நாங்க சொன்னா, வந்த உடனே குறை சொல்றாங்க எண்டுதானே நினைப்பீங்க" என்றாள்.

அன்று பின்னேரம் வேன் புறப்படுமுன் கஜானி றமீஸாவிடம் போனாள். றமீஸா அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நான் ஒரு நிலையத்தை நடத்தினவள். வந்த நாளில இருந்து நீங்க என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. பெட்டிக்கு டேப் ஒட்டுறதுக்கு என்னைக் கூட்டி வரத் தேவையில்ல."

"பிழைதான் ராத்தா. இப்ப கேக்கிறன். நீங்க எண்டா என்ன செய்வீங்க?"

அக்காவுக்கு முஸ்லிம்கள் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டதும் றமீஸா திரும்பினாள். வேன்காரனிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள். தலை எடுக்கிறவளுக்குக் குடல் எடுக்கிறவளின் பாடு தெரியாது. கிழமைக்கொருக்கா இடம் மாற்ற வேண்டும். கடைசியில் நிற்கிறவளுக்குப் பெல்ட்டை நிறுத்த அதிகாரம் வேண்டும் என்றாள்.

"எல்லாரும் நினைச்சபடி நிப்பாட்டினா?" என்றாள் கஜானி.

"முதல்ல நிப்பாட்டுவாங்கதான். பொறுக்க வேணும்."

அப்படியே அறிவித்தார்கள், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று. இரண்டு நாள் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சஹ்லா கையை உயர்த்தி, மெல்லிய குரலில் "நிப்பாட்டுறன்" என்று சொல்லி அழுத்தினாள். மோட்டர் ஓய்ந்தது. முன் வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ முணுமுணுத்தார்கள். கஜானி சஹ்லாவுக்குப் பக்கத்தில் போய், தேங்கிக் கிடந்த இறாலை எடுக்கத் தொடங்கினாள். றமீஸாவும் மூலையிலிருந்து வந்து சேர்ந்தாள். தலை எடுத்தவர்களில் இரண்டு பேர், வேலை இல்லாமல் நிற்கக் கூச்சப்பட்டோ என்னவோ, அவர்களும் வந்தார்கள். தேக்கம் தீர்ந்ததும் சஹ்லாவே பெல்ட்டை ஓடவிட்டாள்.

அந்த மாதம் பெல்ட் நின்ற நேரம் அதிகம். நிஷாந்த் இரண்டு தரம் ஏசினார். அடுத்த மாதம் குறைந்தது. சரக்கு திரும்பி வருவது நின்றது. பேச்சும் மெல்லத் தொடங்கியது, முதலில் இறாலைப் பற்றி, பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. நோன்பு மாதத்தில், வெயிலேறிய பிறகு வரும் ஐஸ் பெட்டிகளைத் தூக்கும் வேலையை ஊர்ப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு கூட்டம்தான். அதை யாரும் மாற்றப் பார்க்கவில்லை.

சீனிப்பிள்ளை இதற்கெல்லாம் நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வராமல் விட்டாள். கஜானி வீட்டுக்குப் போனபோது அவள் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கோபமாகப் பேசவில்லை.

"வேனில வந்தவங்களில எனக்கொரு குறையும் இல்ல புள்ள. நான் செய்தது நான் செய்ததெண்டு இருக்க வேணும். அங்க அது இல்ல."

கஜானி குனிந்து கொஞ்சக் கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாள். நல்ல கைகாரி ஒருத்தி தன்னால் போனாள் என்ற எண்ணம் அவளுக்குக் கனகாலம் இருந்தது.

வருட முடிவில், ஒரு நிலையத்துக்கு ஒரு சுப்பவைசர் போதும் என்று கொம்பனி சொன்னது. இருவரும் மாறி மாறிப் பார்க்கிறோம் என்று கஜானி கேட்டுப் பார்த்தாள், சம்மதிக்கவில்லை. கொழும்போடு சிங்களத்தில் கதைக்கக்கூடியவள் என்று றமீஸாவை நியமித்தார்கள். கஜானிக்குப் பெல்ட் பொறுப்பு மட்டும் மிஞ்சியது. அன்று வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே தினேஸிடம் நடந்ததைச் சொன்னாள்.

"வேலையை விட்டுட்டு வீட்டில நில்லன்" என்றான் தினேஸ்.

"என்னத்துக்கு? அவவும் ஒருக்கா மூலையில நிண்டவதானே."

ஆனாலும் அடுத்த சில கிழமை அவள் றமீஸாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. றமீஸா அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தாள். ஆட்களை இடம் மாற்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கஜானியிடம் வந்து, "நீங்க சொல்லுங்க, ஆரை எங்க விடுவம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றாள். அப்படிக் கேட்டுக் கேட்டே அது சரியாகிப் போனது.

இப்போது கோது உரிக்கும் இயந்திரம் ஒன்று வரப்போகிறதாம். இன்று பின்னேரம் பெண்கள் கஜானியைச் சுற்றிக்கொண்டார்கள். எங்களில் எத்தனை பேரை வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று சஹ்லா கேட்டாள்.

"எனக்குத் தெரியா" என்றாள் கஜானி. "நானும் ராத்தாவும் நாளைக்கு நிஷாந்த் சேரிட்டக் கேக்கப்போறம். அவர் சொல்றதை அப்பிடியே வந்து சொல்லுவம். உங்களில ரெண்டு பேரும் கூட வாங்க."

யார் போவது என்று அவர்கள் அங்கேயே நின்று பேசத் தொடங்கினார்கள்.