சைப்ரஸுக்கு உகந்த மாதம்

சைப்ரஸுக்குப் போக எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தோம். மனைவி பகலில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையல், அது முடிய தையல். லண்டனுக்கு வந்த ஏழு வருடத்தில் அவள் சும்மா இருந்து நான் கண்டதில்லை. ஒரே ஒரு கிழமை, ஏழு நாளும், யாரோ சமைத்து அவள் முன்னால் கொண்டுவந்து வைக்க, அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது எனக்கு ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது.

என் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் சைப்ரஸ்காரர். ஜூலை, ஆகஸ்டில் போனால் கருகிப்போவாய், தை மாசியில் மழை, ஒக்டோபர் கடைசியில் போ, கூட்டம் இராது, கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்றார். அவருக்கென்ன, வானத்தை மட்டும் பார்த்தால் போதும். நான் வானத்தைத் தவிர மற்றதெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் போகலாம் என்றால் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. போகாவிட்டால் நாளைக்கு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு காகமும் எட்டிப் பார்க்காது. ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங் கோவில் தேர். அது முடிய புரட்டாசிச் சனி, பிறகு நவராத்திரி. நினைத்தவுடன் வெளிக்கிடவும் வழியில்லை. எங்களிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதில் விசா எடுக்கவே வாரக்கணக்கில் ஆகும். குசினியில் அடுப்புக்கு மேல் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, ஆகாத கிழமைகளைச் சிவப்புப் பேனையால் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் தாள் முழுக்கச் சிவப்பு. மிஞ்சியது ஒக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத அந்த ஒரு கிழமை.

எனக்கு இருந்த பயம் கந்தசஷ்டி ஒன்றுதான். மனைவியின் தம்பியை ஊரில் விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போய் அப்போது நாலு வருடம். இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. அவன் வரும்வரை வருடாவருடம் சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பதாக அவள் நேர்த்தி வைத்திருந்தாள். பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் ஒரு டம்ளர் பால், ஒரு பழம். சுவரில் தொங்கிய கலண்டரில் விரலை வைத்துப் பார்த்தேன். சஷ்டி நவம்பரில் இருந்தது. ஒக்டோபர் கடைசி வெறுமையாகக் கிடந்தது. அப்பாடா என்று அந்த டிசம்பரிலேயே, அடுத்த வருட ஒக்டோபருக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு, திகதி மாற்ற முடியாத டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

தை பிறந்ததும் வெம்பிளிக் கடையில் அரிசி மூட்டையோடு புதுக் கலண்டர் தந்தார்கள். மனைவி குசினியில் நின்றபடியே ஒக்டோபரைப் புரட்டினாள்.

"இஞ்சாருங்கோ, சஷ்டி எங்கட கிழமையிலதான் துவங்குது."

சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை வருகிறோம். ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை விரதம். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. பிறையைக் கணக்கு வைத்து வரும் விரதம் ஒவ்வொரு வருடமும் ஒரே திகதியில் வராது என்பது எங்கள் ஆட்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கணிதத்தில் பட்டம் வாங்கிய நான் போன வருடக் கலண்டரைப் பார்த்து வரும் வருடத்தை முடிவு செய்திருக்கிறேன்.

"ஒரு வருசம் விட்டால் என்ன?" என்றேன்.

"ஏலாது."

"கடைசி நாள் விரதம் மட்டும் பிடியுமன்."

"ஏலாது எண்டு சொல்லிட்டன். நீங்கள் எல்லாத்தையும் வடிவாப் பார்த்தனீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

பிழை என்னுடையது. அதனாலேயே ஆத்திரம் தலைக்கேறியது. "நாலு வருசமாப் பட்டினி கிடந்து என்னத்தைக் கண்டனீர்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பழைய கலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் புதியதை மாட்டினாள். எனக்கு அந்த நிமிடமே வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒன்பது மாதம் அப்படியே போனது.

ஒக்டோபரில் சைப்ரஸில் போய் இறங்கினோம். மேற்பார்வையாளர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையாகவில்லை. வெயில் இதமாக இருந்தது, கடல் வெதுவெதுப்பாக இருந்தது, கூட்டமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் சுட்ட பாலாடைக் கட்டி, பொரித்த கத்தரிக்காய், அத்திப்பழம் என்று நீள மேசை நிறைய இருக்கும். பிள்ளைகள் இரண்டும் ஓடியோடி அள்ளிக்கொண்டு வருவார்கள். மனைவி ஒரு கிளாஸ் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பாள். பரிமாறுகிறவர் மூன்று தரம் வந்து சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டார். விரதத்தை நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார்.

விரதத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் என்னால் அடக்க முடியவில்லை.

"உமக்காகத்தானே இவ்வளவும் செய்தனான். நீர் இப்பிடிப் பட்டினி கிடந்தால் எனக்கென்ன ஹாலிடே?"

"நான் சந்தோசமாத்தானே இருக்கிறன்" என்றாள்.

"என்ன சந்தோசம்? ஒரு வாய் சாப்பிட்டீரோ?"

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"வீட்டில சஷ்டிக்கு ஆர் சமைக்கிறது? சலவை வேலையும் முடிச்சு வந்து, வெறும் வயித்தோட உங்களுக்கும் பிள்ளையளுக்கும் கறி வைச்சு, எனக்கு ருசி பார்க்க ஏலாது எண்டு உப்புப் பார்க்க உங்களைக் கூப்பிட்டு, பிறகு சட்டி பானை கழுவி... நாலு வருசமும் அப்பிடித்தான். தம்பியை நினைக்க எங்க நேரம்? இந்த மூண்டு நாளாத்தான் ஆறுதலா இருந்து அவனை நினைக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி கடலைப் பார்த்தாள். என் தட்டில் கத்தரிக்காய் ஆறிக்கொண்டிருந்தது.

அவள் உப்புப் பார்க்கக் கூப்பிட்ட நாட்களெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிவி பார்க்கவும் விடமாட்டாள் என்று ஒவ்வொரு முறையும் சலித்துக்கொண்டேதான் எழுந்து போயிருக்கிறேன்.