வருடத்துக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர்

ஐம்பத்தாறு வயதில், ஏழாவது முயற்சியில், ஒத்திலியாவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. போலந்தில் லுப்ளின் நகரத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தபால் நிலையத்தில் அவளுக்கு வேலை. அன்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சாக்லேட். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதோடு சரி, மூன்று வாரமாக உரிமம் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டால், "நல்ல கார் அமையணுமே" என்பாள்.

கார்களின் புளுகைப் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டி எண், சேஸிஸ் எண், முதல் பதிவுத் தேதி மூன்றையும் அரசு இணையதளத்தில் தட்டினால் போதும். வருடா வருடம் கட்டாயமாகச் செய்யும் வண்டிச் சோதனையில் மீட்டர் காட்டிய கிலோமீட்டர் கணக்கு வந்து நிற்கும். தெருவில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். போன வருடம் இரண்டு லட்சம் ஓடிய வண்டி இந்த வருடம் ஒரு லட்சத்துக்கு இளைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, மீட்டரைத் திருப்பாத மனிதர் போலந்திலேயே கிடையாது என்று முடிவுகட்டியிருந்தாள். "தேதியை நேர்ல வாங்க, சொல்றேன்" என்று இழுக்கும் கார்க்காரர்களிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வாள்.

கார் விற்க விளம்பரம் கொடுத்திருந்த சபீனா என்ற பெண்மணியோ மூன்றையும் போனிலேயே கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். ஒத்திலியாவுக்கு அதுவே சந்தேகம். இருந்தாலும் சனிக்கிழமை, காரை ஓட்டிவரத் தம்பி ஸெனானையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சபீனாவின் முற்றத்தில் சின்னச் சிவப்புக் கார் பளபளத்தது. தட்டில் பிளம் கேக் வேறு. ஒத்திலியா போனைப் பார்த்துப் படித்தாள்.

"நாப்பத்தோராயிரத்து இருநூத்திப் பத்து. அடுத்த வருஷம் இருநூத்தி முப்பத்துநாலு. அதுக்கடுத்து இருநூத்தி அம்பத்தெட்டு... ஏங்க, எட்டு வருஷமும் இருபத்துநாலே கிலோமீட்டரா? திருப்புறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"விடுக்கா," என்றான் ஸெனான். "சர்ச்சுக்கு மட்டும் ஓட்டின கதையைச் சொல்லப் போறாங்க."

சபீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சோதனை நிலையம் பன்னெண்டு கிலோமீட்டர். போக வர இருபத்துநாலு. என் வீட்டுக்காரர் ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"மத்த நாள்ல?"

"அது என் காருங்க. அம்பத்திரண்டு வயசுல லைசென்ஸ் எடுத்தேன். ஒரே பயம். நாளைக்கு ஓட்டலாம், நாளைக்கு ஓட்டலாம்னு தினம் துடைச்சு வச்சதுதான் மிச்சம்."

ஒத்திலியா போனைக் கைப்பைக்குள் போட்டாள்; உள்ளே உரிமம் விரலில் தட்டியது. கார் பொய் சொல்லவில்லை. மூன்று வாரமாகப் புளுகிக்கொண்டிருந்தது அவள் வாய்தான்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஸெனான் சாவிக்குக் கை நீட்டினான்.

"கையை எடுடா. நீ பஸ்ல வா."

"அக்கா, ஏழு தடவை..."

"ஆறு தடவைதான்டா ஃபெயிலு!" என்றவள் திரும்பினாள். "நீங்களும் ஏறுங்க, சபீனா. சாயங்காலம் கொண்டுவந்து விடுறேன்."

"ஐயோ மாதாவே, நானா?" என்ற சபீனா ஏப்ரனோடு ஏறிவிட்டாள்.

கார் மூன்று முறை அணைந்தது, ஒரு முறை துள்ளியது, கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு சாலையைப் பிடித்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் சோதனை நிலையம் வந்தது, பின்னால் போயும்விட்டது. சபீனா ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"இந்தக் கார்ல இதுக்கு மேல நான் வந்ததே இல்லீங்க!"

"பயமா இருக்கா? திருப்பிடவா?"

"திருப்புனீங்க, கொன்னுடுவேன்! மூணாவது கியர் போடுங்க!"